வீட்டு எஸ்பிரசோ இயந்திரம் பழுதானால்: திருத்துவதற்கும் மாற்றுவதற்கும் ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற கரையோர ஊர்களிலும் வீட்டுக் குசினிகளில் இருக்கும் எஸ்பிரசோ இயந்திரங்களிற் பல, உள்ளூர்க் கடையில் வாங்கப்பட்டவை அல்ல. இலண்டனிலிருந்தோ தொறன்ரோவிலிருந்தோ கட்டாரிலிருந்தோ வந்த உறவினரின் பயணப் பெட்டியில் வந்திறங்கியவை. ஆகையால் அவை ஒருநாள் நின்றுபோகும்போது உத்தரவாத அட்டை கைகொடுப்பதில்லை. கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முகவர் நிலையமும் பக்கத்தில் இருப்பதில்லை. பெட்டியிற் போட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். அப்படி ஏற்றப்பட்டவற்றைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனவருத்தம் உண்டாகும். அவற்றுட் பலவற்றில் மின்பகுதி எந்தக் குறையுமின்றி இருக்கும். தண்ணீர் விட்டுச்சென்ற படிவோ, இறுகிப்போன ஒரு றப்பர் வளையமோ, பொருந்தாத கோப்பித்தூளோதான் இயந்திரத்தை நிறுத்தியிருக்கும். ஆதலால் கோளாறைத் தேடும் ஒழுங்கும் அவ்வாறே அமைய வேண்டும்: முதலில் கோப்பித்தூள், அடுத்துத் தண்ணீர், அதற்கடுத்து றப்பர், கடைசியில்தான் மின்சாரம். இதுவரை ஓர் இயந்திரத்தின் மூடியைக்கூடக் கழற்றிப் பார்த்திராதவர்களை மனத்திற் கொண்டே இதை எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

தாங்கியிலுள்ள தண்ணீரை ஒரு சிறு பம்ப் உறிஞ்சிச் சூடாக்கும் பகுதிக்குள் தள்ளுகிறது. அந்தப் பகுதி சில இயந்திரங்களில் பித்தளை, துருவேறா உருக்கு அல்லது அலுமினியத்தாலான சிறு கொதிகலனாக இருக்கும். வேறு சிலவற்றில், உள்ளே மெல்லிய குழாய் ஓடும் ஓர் உலோகக் கட்டியாக இருக்கும். அங்கே ஏறத்தாழ 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரை சூடேறிய தண்ணீர், தலைப்பகுதியிலுள்ள சல்லடைத் தட்டு வழியாக இறங்கி, கைப்பிடியிற் பொருத்திய வடியிலுள்ள தூளைச் சுமார் 9 பார் அழுத்தத்தில் ஊடுருவிக் கோப்பையில் விழுகிறது. இரட்டை அளவுக்கு 14 முதல் 18 கிராம் வரை தூள் இட்டு, 25 முதல் 30 செக்கனுக்குள் கோப்பி இறங்கினால் இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று கொள்ளலாம்.

வீட்டு இயந்திரங்களிற் பெரும்பாலும் இருப்பது அதிர்வுப் பம்ப். மின்காந்தச் சுருளொன்றினுள் ஒரு சிறு உலோகத்தண்டு, எமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரைத் தள்ளுகிறது. பொத்தானை அழுத்தியதும் கேட்கும் இரைச்சல் இதனுடையதே. அந்த இரைச்சலை இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போதே காதில் வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். தண்ணீர் சீராக ஓடும்போது அது தாழ்ந்து தடித்துக் கேட்கும். காற்றை மாத்திரம் உறிஞ்சும்போது உரத்து வெறுமையாகக் கேட்கும். எதிரே அடைப்பிருந்தால் அமுங்கித் திணறும். மூடியைக் கழற்றாமலே கோளாறின் திசையை அறிவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

எதையும் தொடுவதற்கு முன்

இயந்திரத்தின் அடிப்புறத்திலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். தகட்டில் 220–240 வோல்ற் என்றிருந்தால் வோல்ற்றளவில் பிரச்சினை இல்லை; பிரித்தானியா, கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம், சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து வருபவை இவ்வகையின. கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவை 120 வோல்ற்றுக்கானவை. அத்தகைய ஒன்றை இங்குள்ள பிளக் பொயின்ட்டில் நேரடியாகச் செருகினால், சூடாக்கும் கொயில் தான் தாங்கக்கூடியதைப்போல மூன்றரை மடங்குக்கும் மேலான வலுவை இழுத்துச் சில கணங்களிலேயே எரிந்துபோகும். பிளக்கின் வடிவத்தை மாற்றித்தரும் அடாப்டர் வோல்ற்றை மாற்றுவதில்லை; இதற்கு வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். 1400 வாற்று இயந்திரமொன்றுக்குக் குறைந்தது 2000 வாற்று தாங்கும் ட்ரான்ஸ்ஃபோமர் தேவைப்படும் என்பதால், அதன் எடையையும் விலையையும் பார்த்த பிறகு அந்த இயந்திரத்தைக் கனடாவிலேயே விட்டுவரச் சொல்வதுதான் நல்லது என்பது என் கருத்து.

இரண்டாவது, ஏர்த். தண்ணீரும் மின்சாரமும் ஒரே உலோகப் பெட்டிக்குள் இருக்கும் கருவி இது. ஏர்த் இல்லாமல் இதை இயக்கக் கூடாது. ஐரோப்பாவிலிருந்து வரும் உருண்டைப் பிளக்குகளில் ஏர்த் தகடு பக்கவாட்டில் இருக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பலநாட்டு அடாப்டர்களில் அந்தத் தகட்டைத் தொடும் பகுதியே இல்லாததால், இயந்திரம் ஓடும், ஆனால் ஏர்த் அறுந்திருக்கும். ஈரக்கையால் உடலைத் தொடும்போது விரல் நுனியில் மெல்லிய சுள்ளென்ற உணர்வு வந்தால் உடனே பிளக்கைக் கழற்றிவிட்டு, மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு வயரின் முனையில் தரமான 13 அம்பியர் மூன்று முனைப் பிளக் ஒன்றைப் பூட்டுவித்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர் உருண்டைப் பொயின்ட்டுகள் இதற்கு உதவா. 1500 வாற்று இயந்திரம் 6 அம்பியருக்கு மேல் இழுக்கும்.

திறப்பதென்றால் பிளக்கைச் சுவரிலிருந்து முற்றாகக் கழற்றி, பால் நுரைப்பதற்கு ஆவி வரும் ஆவிக்குழலைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி, ஒரு மணி நேரமாவது ஆறவிட்ட பின்னரே திறக்க வேண்டும். சுவிச்சை மாத்திரம் நிறுத்துவது போதாது.

கைப்பிடியைக் கழற்றிவிட்டுச் செய்யும் சோதனை

எந்தக் கோளாறாக இருந்தாலும் இதிலிருந்தே தொடங்குங்கள். கைப்பிடியைக் கழற்றிவிட்டு, தலைப்பகுதிக்குக் கீழே ஒரு கோப்பையை வைத்து, பம்பை ஓடவிடுங்கள். சல்லடைத் தட்டு முழுவதிலுமிருந்து மழைபோல் தண்ணீர் இறங்கினால் பம்பும் பாதையும் நன்றாக இருக்கின்றன. கோளாறு தூளிலோ வடியிலோதான். ஒரு பக்கத்தால் மாத்திரம் இறங்கினால் சல்லடைத் தட்டு அடைத்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தால் உள்ளே படிவு இருக்கிறது. ஒன்றுமே வராமல் பம்ப் மாத்திரம் இரைந்தால், பெரும்பாலும் காற்று சிக்கியிருக்கும்.

தண்ணீர் நன்றாக வந்தும் கைப்பிடியைப் பூட்டியதும் கோப்பி இறங்காவிட்டால், பையிலுள்ள தூளைக் கையிலெடுத்துப் பாருங்கள். எமது கடைகளில் விற்கப்படும் கோப்பித்தூள், குவளையிலிட்டுச் சுடுதண்ணீர் ஊற்றி மண்டி அடியிற் படிந்தபின் குடிப்பதற்காக, மாப்போல அரைக்கப்பட்டது. சிலவற்றில் மல்லியும் சுக்கும் சேர்த்திருப்பார்கள். தடிமனுக்கும் மழைக்காலக் குளிருக்கும் அதைப்போல ஒன்று இல்லை, ஆனால் அதை எஸ்பிரசோ வடியில் இட்டால் ஈரத்தில் பசையாகித் தண்ணீரை அறவே மறித்துவிடும். பம்ப் திணறும், கைப்பிடியைச் சுற்றித் தண்ணீர் பீறிடும், சில இயந்திரங்களில் பின்னழுத்தத்தால் தூள் மேலேறிச் சல்லடைக்குள்ளும் புகுந்துவிடும். எஸ்பிரசோவுக்கான தூள் விரல்களுக்கிடையே தேய்க்கும்போது மெல்லிய மணலின் சுரசுரப்பைத் தர வேண்டும். மாறாக, தூள் பருமனாக இருந்தாலோ பழையதாக இருந்தாலோ, பத்துச் செக்கனிலேயே வெளிறிய புளித்த கோப்பி ஓடிவந்துவிடும். இதற்கும் இயந்திரம் பொறுப்பல்ல.

காற்றுச் சிக்கியிருப்பதை வெளியேற்றுவது எளிது. தாங்கி முற்றாக வற்றிய பின்னர் பம்பை ஓடவிட்டிருந்தாலோ, இயந்திரம் நெடுநாள் சும்மா கிடந்திருந்தாலோ இது நேரும். தாங்கியை நிரப்பி, ஆவிக்குழலின் திருகை முழுவதும் திறந்து, பம்பை இருபது செக்கன் ஓடவிட்டு, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து, மீண்டும் ஓடவிடுங்கள். அப்போதும் வராவிட்டால், மருந்துக் கடையில் வாங்கிய ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, தாங்கி வந்து பொருந்தும் துளைக்குள் மெதுவாகத் தள்ளி, பம்பின் வாய் நனைந்தபின் முயலுங்கள். அதிர்வுப் பம்பைத் தண்ணீரில்லாமல் நீண்ட நேரம் ஓடவிட்டால் அதன் சுருள் சூடேறிக் கெட்டுவிடும் என்பதால் இடையிடையே ஓய்வு கட்டாயம்.

தண்ணீரும் படிவும்

எமது பகுதியில் இயந்திரங்களைக் கொல்வது தண்ணீர்தான் என்று துணிந்து சொல்வேன். கடற்கரைக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றரையில் வெட்டிய கிணறுகளில் சுண்ணாம்புச் சத்தும், வரட்சிக் காலத்தில் உவர்ப்பும் கூடிவிடுகின்றன. உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை; மின்கேத்தலின் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளைப் பொருக்குப் படர்ந்திருந்தால், அதே பொருக்கு இயந்திரத்தின் கொதிகலனிலும், அதைவிட மோசமாக, இரண்டு மூன்று மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய்களிலும் படிந்துகொண்டிருக்கிறது. உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து வழங்கப்படும் குழாய்நீர் கிடைக்கும் வீடுகளில் அதையே பயன்படுத்துங்கள். குளோரின் மணம் இருந்தால் வாயகன்ற பாத்திரத்தில் இரவு முழுவதும் திறந்து வைத்தால் அது பெருமளவு குறைந்துவிடும். போத்தல் தண்ணீர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உப்பு முழுவதையும் நீக்கிய தண்ணீர் உலோகத்தை அரிக்கக்கூடியது, அதோடு, தண்ணீரின் மின்கடத்தலைக் கொண்டு மட்டத்தை அறியும் சில கொதிகலன்கள், அத்தகைய தண்ணீரை இருப்பதாகவே உணராமல் போகும்.

படிவை நீக்குவதற்குச் சிற்றிக் அமிலமே போதுமானது. கேக் செய்யும் பொருட்கள் விற்கும் கடைகளிற் கிடைக்கும். தேசிக்காய்ச் சாற்றைப் பயன்படுத்தாதீர்கள்: அதன் சக்கையும் சீனியும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். வினாகிரி மணத்தை விட்டுச்செல்லும், றப்பரையும் கெடுக்கும். செய்முறை இதுதான். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 20 கிராம் சிற்றிக் அமிலத்தை முழுவதும் கரையும்வரை கலக்கித் தாங்கியில் ஊற்றுங்கள். தாங்கியில் வடிகட்டி இருந்தால் முன்னரே எடுத்துவிடுங்கள். இயந்திரத்தைச் சூடாக்கி, தலைப்பகுதியால் ஒரு கோப்பையும் ஆவிக்குழலால் ஒரு கோப்பையும் வெளியேற்றிவிட்டு, சுவிச்சை நிறுத்திப் பதினைந்து நிமிடம் விடுங்கள். மறுபடி ஒரு கோப்பை, மறுபடி பதினைந்து நிமிடம். கரைசல் தீரும்வரை இவ்வாறே தொடருங்கள். வெளிவரும் தண்ணீர் முதலிற் கலங்கலாகவும், சில வேளைகளில் நீலப்பச்சையாகவும் வரும். நீலப்பச்சை வந்தால் உள்ளே பித்தளையோ செம்போ அரிபடுகிறது என்பதால் அத்தோடு நிறுத்திக் கழுவத் தொடங்குங்கள். கழுவுவதற்கு இரண்டு தாங்கித் தண்ணீர் முழுவதையும் ஓடவிட வேண்டும். கடைசிக் கோப்பையை நாவில் வைத்துப் பார்த்தால் புளிப்பு இருக்கக் கூடாது. அலுமினியக் கொதிகலன் உள்ள இயந்திரத்தில் கரைசலை ஊறவிடும் நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறையுங்கள், ஒருபோதும் இரவு முழுவதும் விடாதீர்கள். தயாரிப்பாளரின் கையேடு வேறு முறையைக் கூறினால் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

பல ஆண்டுகள் படிவு நீக்கப்படாத இயந்திரத்தில் இதைச் செய்யும்போது, உதிர்ந்த பொருக்குத் துண்டுகள் வால்வில் போய்ச் சிக்கி, முன்னர் சொட்டிய தண்ணீரும் நின்றுவிடுவதுண்டு. பயப்பட வேண்டாம். அதுவும் படிவுதான், கரைசலை இன்னொரு தடவை நிரப்பிப் பொறுமையாக இருந்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். குழாய்நீர் பாவிப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், கிணற்று நீரைத் தவிர்க்க முடியாதவர்கள் மாதமொருமுறையும் செய்துவந்தால் நிலைமை இந்த அளவுக்கு வராது.

கைப்பிடியைச் சுற்றித் தண்ணீர் ஒழுகினால்

தலைப்பகுதிக்குள், கைப்பிடியின் விளிம்பு மேலேறி அழுத்தும் இடத்தில், ஒரு றப்பர் வளையம் இருக்கிறது. நாளும் சூட்டில் வெந்து வெந்து அது இறுகிவிடும். முன்னர் நேர் முன்னே வந்து நின்ற கைப்பிடி இப்போது அந்த இடத்தைத் தாண்டி வலப்புறமாகச் சென்றால்தான் இறுகுகிறது என்றால், அல்லது எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தால் ஒழுகுகிறது என்றால், வளையம் தன் காலத்தை முடித்துவிட்டது. புதியவர் ஒருவர் தன் கையால் முதன்முதலிற் செய்யத் தக்க திருத்த வேலை இதுவே. மின்சாரத்தைத் தொட வேண்டியதே இல்லை.

இயந்திரம் ஆறியதும் அதைப் பக்கவாட்டில் துணிவிரிப்பின் மீது சாய்த்துவையுங்கள். சல்லடைத் தட்டின் நடுவிலுள்ள திருகாணியைக் கழற்றினால் தட்டு விழும்; சிலவற்றில் திருகாணி இராது, தட்டு வளையத்தோடு இறுகி நிற்கும். தட்டுக்குப் பின்னால் கறுத்துப் பிசுபிசுத்த கோப்பி எண்ணெய் அப்பியிருப்பதைக் காண்பீர்கள். புளித்த மணம் வீசும் அந்த எண்ணெய்தான் நல்ல கொட்டையில் போட்ட கோப்பியையும் கசக்கச் செய்வது. இப்போது வளையத்தைப் பாருங்கள்: புதிய றப்பர் நகத்துக்கு இடங்கொடுக்கும், இதுவோ சீப்புப் பிளாஸ்ரிக் போலக் கெட்டியாகி, பள்ளத்தின் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். நெம்பிப் பார்த்தால் துண்டு துண்டாக உடையும். அதற்கொரு வழி உண்டு. மரத்துக்குப் போடும் மெல்லிய திருகாணி ஒன்றை வளையத்தின் தடிப்பின் நடுவே அரைவாசிவரை முறுக்கி இறக்குங்கள். எதிர்ப்பக்கத்தில் இன்னொன்றை இறக்குங்கள். பிறகு குறட்டால் திருகாணித் தலைகளை மாறி மாறிப் பிடித்து இழுங்கள். ஒரு பக்கம் அசைந்து கொடுத்தால் மறுபக்கமும் வந்துவிடும். ஆனால் திருகாணியின் முனை றப்பரைக் கடந்து மேலேயுள்ள உலோகத்தைக் கீற விடாதீர்கள், புதிய வளையம் அமர வேண்டிய முகம் அது. பள்ளத்திலுள்ள கரியைப் பழைய பல்துலக்கும் பிரஸ்ஸாலும் வெந்நீராலும் முற்றாகச் சுத்தம் செய்த பின்னர், புதிய வளையத்தை வெந்நீரில் நனைத்து, சரிந்த ஓரம் இருந்தால் பழையது இருந்த திசையிலேயே, இரு பெருவிரல்களாலும் சுற்றிச் சுற்றி அழுத்தி உட்செலுத்துங்கள். இறுதியாக, தூளிடாத கைப்பிடியைப் பூட்டி இறுக்கினால் வளையம் மட்டமாக அமர்ந்துகொள்ளும்.

வளையம் வாங்குவதற்கு முன், பழையதன் வெளி விட்டம், உள் விட்டம், தடிப்பு ஆகிய மூன்றையும் வேனியர் இடுக்கியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தடிப்பில் அரை மில்லிமீற்றர் வேறுபட்டாலும் கைப்பிடி நிற்கும் இடம் மாறிவிடும். கொழும்பில் தருவித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. இல்லாவிட்டால், மாமாங்கத் தீர்த்தத்துக்கோ திருக்கோவில் ஆடி அமாவாசைக்கோ வெளிநாட்டிலிருந்து ஊர் வரும் உறவினரிடம் அளவை அனுப்பி நான்கைந்து வளையங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். பாரமும் இல்லை, பழுதடையவும் மாட்டாது. தண்ணீர்ப் பம்புக் கடைகளில் அளவு பொருந்தும் றப்பர் வளையம் கிடைத்தாலும், அது உணவுக்குரிய சிலிக்கோன் அல்லது சூட்டைத் தாங்கும் ஈ.பி.டி.எம். றப்பர்தானா என்று தெரியாமல் வாங்கிப் பூட்ட வேண்டாம். கோப்பியோடு சேர்ந்து அது வயிற்றுக்குள் போகிற பொருள்.

ஆவி வராமை

இது பெரும்பாலும் பாலால் வருவது. ஆவிக்குழலின் நுனியிலுள்ள துளைகளில் பால் காய்ந்து அடைத்திருக்கும். நுனியைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, குண்டூசியால் துளைகளைத் திறந்து, குழலை ஈரத்துணியால் துடைத்து ஒரு கணம் ஆவியை விட்டுப் பாருங்கள். பால்மா கரைத்து நுரைப்பவர்கள் கட்டியில்லாமல் நன்கு அடித்த பின்னரே குழலை இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நுரைத்த உடனே துடைத்து ஆவி விட்டால் இந்தப் பிரச்சினை வராது.

மின்சாரப் பகுதி

இங்கே நான் இறுக்கமாகவே பேசுவேன். மின்வேலையில் முன்பழக்கம் இல்லாதவர்கள் பார்க்கலாம், அளக்கலாம்; பிளக் செருகியிருக்கும்போது திறந்த இயந்திரத்தைத் தொடக் கூடாது.

முதலிற் பிளக்கினுள் இருக்கும் 13 அம்பியர் உருகியை மாற்றிப் பாருங்கள். பொயின்ட்டில் வேறொரு கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதன்பின் மூடியைத் திறந்து, எந்த வயரையும் கழற்றுவதற்கு முன் கைத்தொலைபேசியால் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுத்துக்கொள்ளுங்கள். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ கடற்காற்றுப் படும் வீட்டு இயந்திரமென்றால், வயர் முனைகளிலுள்ள தட்டையான பித்தளைக் கவ்விகளில் பச்சை பூத்திருக்கும். மின்சாரம் அந்தப் பச்சையைக் கடந்து போக முடியாமல் சூடேறிக் கவ்வியையே கருக்கியிருப்பதும் உண்டு. கருகிய கவ்வியை வெட்டிவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். பச்சை மாத்திரமென்றால் மென்மையான உப்புத்தாளால் தேய்த்துக் கழற்றி மாட்டினாலே இயந்திரம் உயிர்பெறலாம். சிறு எறும்புகள் மின்பலகையில் கூடு வைப்பதும் இங்கே வழமை. மெல்லிய பிரஸ்ஸால் தட்டிவிடுங்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

விளக்கு எரிந்தும் சூடேறாவிட்டால் மல்ரிமீற்றரை எடுங்கள். கொயிலின் இரு முனைகளிலுமுள்ள வயர்களைக் கழற்றிவிட்டு ஓம் அளவில் வையுங்கள். தகட்டிலுள்ள வாற்று அளவைக் கொண்டு சரியான எண்ணைக் கணிக்கலாம்: 230 ஐ 230 ஆற் பெருக்கி வாற்றால் வகுக்க வேண்டும். 1000 வாற்றுக்கு ஏறத்தாழ 53 ஓம், 1350 வாற்றுக்கு ஏறத்தாழ 39 ஓம். அதையொட்டிய எண் வந்தால் கொயில் நல்லது. முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. கொயில் நல்லதென்றால் அடுத்து, கொதிகலனைத் தொட்டுக்கொண்டிருக்கும் தேர்மோஸ்ரற்றையும் (சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவிச்), வெப்ப உருகியையும் (சூடு மிதமிஞ்சினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்துவது) இதேபோல் அளந்து பாருங்கள். ஆறிய நிலையில் இரண்டும் பூச்சிய ஓமுக்கு அண்மையில் காட்ட வேண்டும். அறுந்திருப்பது வெப்ப உருகியென்றால் அதே வெப்பநிலைக்குரிய புதியதைப் போடுங்கள். அதன் இரு வயர்களையும் நேராக முறுக்கிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேர்மோஸ்ரற் இறுகி நின்றுவிட்டால் கொதிகலன் வெடிக்காமலும் வீடு பற்றாமலும் காக்க அந்த உருகியும் பாதுகாப்பு வால்வும் மாத்திரமே இருக்கின்றன.

செருகியதும் வீட்டின் ட்ரிப் சுவிச் விழுந்தால் எங்கோ மின்சாரம் உடலுக்குக் கசிகிறது. வீடுகளிலுள்ள ட்ரிப் சுவிச் பொதுவாக 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும். நவம்பர் முதல் தை மாதம் வரையான மழையில் மூடிக்கிடந்த இயந்திரத்தில், கொயிலின் உள்ளே நிரப்பியிருக்கும் காப்புத்தூள் ஈரத்தை இழுத்துவிடுவதாலும் இப்படி நேரலாம். மூடியைக் கழற்றி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலடிக்கும் உலர்ந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். உலர்ந்த பின்னும் விழுந்தால் கொயில் உடைந்திருக்கிறது, அல்லது உட்கசிவு வயரை நனைக்கிறது. இதற்கு மேல் மின்வேலை தெரிந்தவரின் பொறுப்பு. ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து வேறு வழியில் மின்சாரம் எடுத்து ஓட்டிப்பார்ப்பது உயிராபத்தானது.

பம்ப் அடியோடு சத்தமில்லாமல் இருந்து, அதன் முனைகளுக்கு மின்சாரம் வருவதை மின்வேலையாளர் உறுதிப்படுத்தினால், பம்பை மாற்ற வேண்டும். பல நிறுவனங்களின் வீட்டு இயந்திரங்களில் இருப்பது இத்தாலியின் உல்கா பம்புகளே, குறிப்பாக ஈ.பி.5 என்ற 48 வாற்று வகை. ஆகையால் உங்கள் இயந்திரத்தின் பெயரில் தேடாமல் பம்பின் மேல் அச்சிட்ட இலக்கத்தைக் கொண்டு தேடினால் எளிதாகவும் குறைந்த விலையிலும் கிடைக்கும். வோல்ற்றும் ஹேர்ட்ஸும் பொருந்துகின்றனவா என்று பார்க்க மறவாதீர்கள்.

எப்போது கைவிடுவது

வளையம், சல்லடை, பம்ப், தேர்மோஸ்ரற், வெப்ப உருகி, சிலிக்கோன் குழாய் ஆகியவை கெட்டால் நான் தயங்காமல் திருத்தச் சொல்வேன். கொதிகலனே துளைபட்டால், அல்லது கொயில் கொதிகலனோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்து அது அறுந்தால், அந்தப் பாகத்தின் விலையும் தருவிக்கும் செலவும் சேர்ந்து அதேபோன்ற புதிய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் விட்டுவிடலாம். மின்பலகை எரிந்த இயந்திரமும், ஒட்டி மூடப்பட்டதால் உடைக்காமல் திறக்க முடியாத, தூள் அடைத்த சிறு குப்பிகளைப் போட்டுக் கோப்பி எடுக்கும் வகை இயந்திரமும் இந்தப் பக்கத்திலேயே சேரும்.

புதியதை வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட '15 பார்', '20 பார்' என்ற எண்களால் மயங்காதீர்கள். கோப்பிக்கு வேண்டியது 9 பார், மீதி விளம்பரம். நான் பார்ப்பவை வேறு. முதலாவது, இலங்கையில் அதற்கு உதிரிப்பாகம் தரக்கூடிய முகவர் உண்டா என்பது. இரண்டாவது, கைப்பிடியின் அளவு. 1961 இல் வெளிவந்த ஃபயேமா ஈ61 இயந்திரத்தின் வழிவந்த 58 மில்லிமீற்றர் அளவை இன்றும் பல நிறுவனங்கள் பின்பற்றுவதால், அந்த அளவுக்குரிய வடியும் கோப்பி அழுத்தியும் உலகெங்கும் கிடைக்கின்றன. 51, 54 மில்லிமீற்றர் அளவுகளில் தெரிவு குறைவு. மூன்றாவது, அடித்தட்டைத் திருகாணியால் கழற்ற முடியுமா என்பது. வீட்டில் அரைக்கும் இயந்திரம் இல்லாமல் கடைத்தூளையே நம்பியிருப்பவர்கள், இரட்டைச் சுவருள்ள வடியோடு வரும் இயந்திரத்தைத் தெரிவுசெய்வது நல்லது. ஒரு சிறு துளை வழியாகவே கோப்பியை வெளியேற்றி அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதால், தூள் ஓரளவு பருமனாக இருந்தாலும் அது சமாளித்துக்கொள்ளும்.

பாவித்த இயந்திரத்தை வாங்குவதென்றால், விற்பவரின் வீட்டில் ஆறிய நிலையிலிருந்து சூடாக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் எத்தனை நிமிடத்தில் சூடேறுகிறது என்று அறிய முடியாது. கைப்பிடியைக் கழற்றிவிட்டு மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். பின்பு அதைத் தூக்கி அடிப்பகுதியைப் பாருங்கள்: திருகாணிகளைச் சுற்றித் துருவும் வெள்ளைப் படிவின் வழிந்த கோடுகளும் இருந்தால் உள்ளே நெடுநாளாக ஒழுகியிருக்கிறது.

மின்சாரச் சிக்கலே வேண்டாம் என்பவர்களுக்கு, அல்போன்சோ பியலெற்றியின் பெயரோடு 1933 முதல் அறியப்படும் மோக்காக் கேத்தல் இருக்கிறது. காஸ் அடுப்பில் வைக்கலாம். மாற்ற வேண்டியது ஒரேயொரு றப்பர் வளையம். அதில் உண்டாகும் அழுத்தம் ஓரிரு பாருக்கு மேற்போகாததால் எஸ்பிரசோவின் தடித்த நுரை வராது, ஆனால் பாலோடு சேர்த்துக் குடிப்பதற்கு அதன் கோப்பி நன்றாகவே இருக்கும். அதன் அடிப்பாத்திரத்தில் தண்ணீரைப் பாதுகாப்பு வால்வுக்குக் கீழ்மட்டத்திலேயே நிரப்ப வேண்டும்.

புதிய இயந்திரம் வந்ததும் பழையதை வீசிவிட வேண்டாம். மின்வயர், பம்ப், சிலிக்கோன் குழாய்கள், திருகாணிகள் ஆகியவற்றைக் கழற்றி, எந்த இயந்திரத்தினது என்று எழுதிப் பையிலிட்டு வையுங்கள்; அயலில் இன்னொருவருடைய இயந்திரத்துக்கு அவை உதவும். புதியதை வைக்கும் இடம் கடற்பக்க யன்னலுக்கு நேரே இருக்கக் கூடாது. முதலில் இரண்டு தாங்கித் தண்ணீரைத் தூளில்லாமல் ஓடவிட்டு ஊற்றிவிடுங்கள். ஐப்பசி மாதத்து இடிமின்னல் தொடங்கியதும், பாவிக்காத நேரங்களில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள். மின்தடை வந்தால் சுவிச்சை நிறுத்திவிட்டு, மின்சாரம் திரும்பிச் சில நிமிடங்கள் சீராக நின்றபின் போடுங்கள். வளையம் மாற்றிய திகதியையும் படிவு நீக்கிய திகதியையும் ஒரு சிறு கடுதாசியில் எழுதி, தாங்கியின் பின்புறத்தில் ஒட்டி வையுங்கள்.